இணைத்தலும் ஒன்றுதலும்

தாம்பரத்தைக் கடந்து பெருஞ்சாலையில் தெற்கு நோக்கிச் செல்கிறவர் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று வரிசையாக ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தால், அடுத்து ஒரு நெடும்பெயரை எதிர்கொள்வார்: காட்டாங்குளத்தூர் ஊராட்சி ஒன்றியம். மக்கள் வாயில் அது 'யூனியன் ஆபீஸ்'தான். ஆயினும் எழுத்தில் நிற்கிற அந்த மூன்று சொற்களையும் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கிற சொல்லன்பர்க்கு, நாட்டின் பெரிய வழக்குகளுள் ஒன்றுக்கே அதில் விடை கிடைக்கும். வெவ்வேறு மொழியும் வழக்கமும் உடைய மக்களையெல்லாம் வெள்ளையர் ஓர் ஆட்சிக்குள் கொண்டுவந்து ஒரே நாடாக்கினரே, அது பயனுள்ள செயல்தானா என்பதே அந்த வழக்கு.

முதலில் ஊர்ப்பெயர். காடு என்னும் நிலைமொழி ஒற்று இரட்டித்துக் 'காட்டு' ஆகிறது. குளம் என்பது அத்துச் சாரியை பெற்று ஊரோடு புணர்ந்து 'குளத்தூர்' ஆகிறது. இடையில் நிற்கும் 'ஆங்' என்ற ஓசையே சுவையானது. காட்டான் என்ற ஆட்பெயரோடு பொருத்திச் சொல்வாரும் உண்டு. ஆனால் ககரத்தின் முன் ஙகரமாய்த் திரிவது மகர மெய்யின் இயல்பாதலால், 'காட்டாம் குளத்தூர்' என்று பிரிப்பதே இலக்கணத்துக்கு இசைகிறது. காட்டை அடுத்த குளத்தூர், காட்டினிடையே அமைந்த குளத்தூர் என்பது பொருள். பேச்சில் இது 'காட்டாங்கொளத்தூர்' ஆகும். பின்வரும் அகரத்தின் இழுப்பால் உகரம் ஒகரமாய்த் தளர்வது உலகத்தை ஒலகமாகவும் புடவையைப் பொடவையாகவும் ஆக்குகிற அதே நாவின் வழக்கம். ஙகரமும் ளகரமும் இல்லாத ஆங்கில எழுத்தில் இப்பெயரை எழுதியபோது இரண்டு ஒலியும் உதிர்ந்தன. அதுபோலவே, செங்கழுநீர் பூத்த நீர்நிலையால் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் அண்டையூரான செங்கற்பட்டு, 'சிங்கிள்புட்' என்று சுருங்கியது.

காடு, குளம், ஊர். இந்த மூன்றையும் ஒரு தொடரில் சேர்த்தால் நான்காவதாக ஒரு சொல் தானே நினைவுக்கு வரும்: நாடு. கரிகாலன் காட்டைத் திருத்தி மக்கள் வாழும் நிலமாக்கியதையும் குளங்களைத் தோண்டி வளம் பெருக்கியதையும் பட்டினப்பாலை அவன் புகழாகப் பாடுகிறது. காட்டுக்கு மறுதலையாக நிற்பது நாடு. உழவும் நீரும் குடியும் சேர்ந்த இடம் நாடு. இன்று ஒரு பேரரசையே குறிக்கிற இச்சொல், பழைய கல்வெட்டுகளில் ஏரிகளும் வாய்க்கால்களும் பிணைத்த சில ஊர்களின் தொகுதியைத்தான் குறித்தது. தொண்டை மண்டலத்தை 24 கோட்டம், 79 நாடு என்று பகுத்துச் சொல்வது மரபு. திருக்கழுக்குன்றம் களத்தூர்க் கோட்டத்தில் இருந்தது. உத்திரமேரூர் காலியூர்க் கோட்டத்தில் இருந்தது. அந்த நாட்டு ஊர்களின் தலைமக்கள் கூடினால் அவர்கள் 'நாட்டார்'. அவர்கள் கூடிய அவைக்கும் நாடு என்றே பெயர். இடத்தையும் அவ்விடத்தோர் கூட்டத்தையும் ஒரே சொல்லால் வழங்கியவர்கள், மண்ணும் மக்கள் கூட்டமும் வேறல்ல என்று கருதியிருக்க வேண்டும். நாம் இன்றும் பெருங்கூட்டத்தை 'மாநாடு' என்கிறோமே, அது அந்தப் பழம்பொருளின் உயிருள்ள எச்சம். உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பேசுகின்றன. மின்வாரியத்துக்கும் வீட்டுவசதி வாரியத்துக்கும் நாம் வைத்திருப்பது அந்தச் சொல்லேதான்.

இந்தச் சிறு நாடுகளை முதலில் பெருந்தொகுதிகளாக்கியவர் வெள்ளையர் என்று எண்ணிவிடலாகாது. முதலாம் இராசராசன் தொண்டை மண்டலத்துக்கு ஜயங்கொண்ட சோழ மண்டலம் என்று பெயரிட்டான். வென்ற ஈழத்தையும் மும்முடிச் சோழ மண்டலம் என்று தன் பட்டப்பெயராலேயே அழைத்தான். வாளால் சேர்த்த நிலத்துக்கு வென்றவன் தன் பெயரை இடுவது எல்லா அரசுக்கும் பொது. ஆனால் மண்டலத்தின் பெயர் மேலே மாறினாலும், கீழே கோட்டமும் நாடும் ஊரும் தம் பெயரோடும் அவையோடும் நெடுங்காலம் நின்றன.

கிழக்கிந்தியக் கும்பினியார் வந்தபின் அடுக்கு முழுவதும் மாறியது. 1763இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்குக் கொடுத்தபோது அதன் பெயர் 'ஜாகீர்' ஆயிற்று. ஜா என்பது பாரசீகத்தில் இடம், கீர் என்பது கொள்ளுதல். இடத்தைக் கொண்டவன் வசம் இருப்பது ஜாகீர். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் இச்சீமையின் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அளவைக்குப் பின்னால் ஆட்சிச் சொற்கள் வந்தன. விலா, பக்கம் என்னும் பொருளுடைய அரபுச் சொல் உருதுவழி வந்து 'ஜில்லா' ஆயிற்று. தொடர்பு, சார்பு என்னும் பொருளுடைய அரபுச் சொல் 'தாலுகா' ஆயிற்று. வடமொழியிலிருந்து 'ராஜதானி' வந்தது. ஆங்கிலத்திலிருந்து, வரி தண்டுபவர் என்ற பொருளை வெளிப்படையாகவே தாங்கிய 'கலெக்டர்' வந்தார். நாடு என்ற சொல்லில் நாட்டார் இருந்தனர். ஜாகீரிலும் ஜில்லாவிலும் தாலுகாவிலும் குடிமக்களைச் சுட்டும் ஓசை ஒன்றுமில்லை. உடைமை இருக்கிறது, பகுப்பு இருக்கிறது, தண்டல் இருக்கிறது. புதிய ஆட்சி எதன் பொருட்டு ஊர்களைத் தொகுத்தது என்பதை அதன் சொற்களே ஒளிக்காமல் சொல்லிவிட்டன.

அப்படித் தொகுத்துத் தொகுத்து எழுந்ததுதான் சென்னை ராஜதானி. வடசர்க்கார்களும், 1792இல் திப்புவிடமிருந்து பெற்ற மலபாரும், 1799இல் கிடைத்த தென்கன்னடமும், 1800இல் நிசாம் விட்டுக்கொடுத்த மாவட்டங்களும், 1801இல் கைக்கொண்ட கருநாடகச் சீமையும் ஒரே கோட்டைக்குக் கீழே வந்தன. கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை தமிழும் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் துளுவும் ஒரியாவும் பேசியவர்கள், ஒருவரையொருவர் கேளாமலே, ஒரு கவர்னரின் குடிகளாயினர். இவர்களிடம் முன்பே பொதுவாக இருந்தவற்றை மொழியே சொல்கிறது. பல்நாடு, வயநாடு, துளுநாடு, தமிழ்நாடு என்று இவர்களுள் பலரிடமும் 'நாடு' இருந்தது. ஒன்று, ஒன்னு, ஒந்து, ஒஞ்சி என்று தமிழரும் மலையாளிகளும் கன்னடரும் துளுவரும் எண்ணத் தொடங்கும் முதல் எண் ஒரே வேரின் வெவ்வேறு குரலாக இருந்தது. இந்த உறவு எதையும் கருதி ராஜதானி அமையவில்லை. எந்தப் போரில் எது கிடைத்ததோ அது சேர்ந்தது.

தமிழ் வினைகளின் நுட்பம் ஒன்று இங்கே துணைக்கு வருகிறது. இணைந்தனர் என்றால் தன்வினை. இணைத்தனர் என்றால் பிறவினை. சேர்ந்தனர், சேர்த்தனர், கூடினர், கூட்டினர். நகரம் தகரமாய் இறுகினாலோ ஒரு டகரம் மிகுந்தாலோ போதும், வினையின் உரிமை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிவிடுகிறது. மெல்லெழுத்து நின்ற இடத்தில் மக்கள் தாமே வந்தனர். வல்லெழுத்து வந்து ஏறிய இடத்தில் அவர்களை வேறொருவர் கொண்டுவந்தார். 'ஒன்று' என்னும் வினைக்கோ இப்படி இறுகிய இணை வழக்கில் இல்லை. ஒன்றினர், ஒன்றுகிறோம், ஒன்றுவர் என்போம். பிறரை ஒன்றச் செய்வதைச் சொல்ல வேண்டுமானால் ஒன்றாக்கு, ஒன்றுபடுத்து என்று வேறு வினையைக் கடன் கேட்க வேண்டியிருக்கிறது. வெள்ளையர் செய்தது இணைத்தல். ஒன்றுதல் அவர்கள் செய்திருக்கக்கூடிய வினையன்று.

இவ்வளவு சொன்னபின் நடுநிலையும் வேண்டும். இணைத்தவர் தம் வசதிக்காக அமைத்த வேலிக்குள்ளே, இணைக்கப்பட்டவர்கள் தம் தேவைக்காக ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். ஒரே இருப்புப்பாதையில் சென்றார்கள். ஒரே உயர்நீதிமன்றத்தில் வழக்காடினார்கள். கல்லூரிகளில் அருகருகே அமர்ந்தார்கள். ஆட்சியார் போட்ட எல்லையை ஆட்சியாரிடமே உரிமை கேட்கும் களமாக மாற்றினார்கள். 1929 பிப்ரவரியில் இதே செங்கற்பட்டில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டுமென்று அங்கே தீர்மானித்தார்கள். 'மாகாண மாநாடு' என்ற தொடரையே உற்றுப் பாருங்கள்: முன்சொல் ஆள்வோர் வகுத்த எல்லை, பின்சொல் நாட்டார் கூடிய அவை. எல்லை இரவல்தான், அவை நம்முடையது. பல்லாவரத்தில் வாழ்ந்த வேதாசலம், வேதத்தை மறையாகவும் அசலத்தை மலையாகவும் ஆக்கி மறைமலையடிகள் என்று தம் பெயரையே மாற்றி எழுதியதும் இந்தக் காலத்தில்தான். காட்டாங்குளத்தூருக்கு அடுத்த தொடர்வண்டி நிலையம் அவர் பெயரைத் தாங்கி மறைமலைநகராக நிற்கிறது. ஜில்லா மாவட்டமானதும் தாலுகா வட்டமானதும் அந்த விழிப்பின் தொடர்ச்சி.

பிறகு நடந்ததுதான் வியப்புக்குரியது. இணைக்கப்பட்டவர்கள் ஒன்றுவதற்காக முதலில் பிரிந்தார்கள். 1936இல் கஞ்சத்தின் பெரும்பகுதி ஒரிசாவுக்குச் சென்றது. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாநோன்பில் உயிர்நீத்தபின், 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிறந்தது. 1956 நவம்பர் 1இல் மலபார் கேரளத்தோடும் தென்கன்னடம் மைசூரோடும் சேர்ந்தன. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழ்நிலத்தோடு வந்து சேர்ந்தன. 1960 ஏப்ரலில் திருத்தணி இங்கே வந்தது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வட விளிம்பிலிருந்த சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரி உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபரில் மறைந்தார். 1963இல் மாநிலங்களவையில் அந்தப் பெயருக்காக வாதாடிய அண்ணா, முதலமைச்சரானபின் 1967 சூலை 18இல் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறக் கண்டார். 1969 சனவரி 14இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. சிலப்பதிகாரத்திலேயே வழங்கிய ஒரு பெயர் அரசின் முத்திரையில் ஏற இத்தனை நூற்றாண்டுகள் ஆயின. ஆனால் இவர்கள் யாரும் தனித்தனியே போய்விடவில்லை. தத்தம் பெயரோடும் மொழியோடும் ஒரு பொது அமைப்புக்குள் நிற்க உடன்பட்டார்கள். அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது.

ஒன்றியம்! 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தால் தோன்றிய ஊராட்சி ஒன்றியங்களின் பெயரிலும், இந்திய ஒன்றியம் என்னும் பெயரிலும் ஒரே சொல். ஊர்கள் ஊர்களாகவே இருந்து கூடினாலும் ஒன்றியம். மாநிலங்கள் மாநிலங்களாகவே இருந்து கூடினாலும் ஒன்றியம். ஒன்றாதவர்க்குப் பழந்தமிழில் 'ஒன்னார்' என்று பெயர். பகைவர் என்பது பொருள். ஒன்றுதல் என்பது எண்ணிக்கையில் ஒன்றாவதைவிட மனத்தால் இசைவதையே குறித்தது என்பதற்கு இந்த ஒரு சொல்லே சான்று. அதே வேரில் னகரம் றகரமாய் இறுகினால் 'ஒற்றை' பிறக்கிறது. கன்றோடு கூடிய ஆ 'கற்றா' ஆவதைப் போன்ற திரிபுதான் அது; ஆனால் பொருள் எவ்வளவு விலகிவிடுகிறது! ஒன்றியத்தில் பலர் உண்டு. ஒற்றையில் துணைக்கு ஒருவரும் இல்லை.

கடல் கடந்த இலங்கையில் இந்த வேறுபாடு குருதியால் எழுதப்பட்டது. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் தனியே ஆண்ட யாழ்ப்பாணச் சீமையையும் கரையோரச் சிங்களப் பகுதிகளையும் 1815இல் பிரித்தானியர் வசமான கண்டியையும், 1833இல் கோல்புரூக்–கேமரன் சீர்திருத்தம் ஒரே ஆட்சியாக இணைத்தது. இணைத்தவர் போனபின், 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1972ஆம் ஆண்டு அரசமைப்பு அந்நாட்டை ஒற்றையாட்சி என்று வரையறுத்தது. ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான்: நைசீரியா என்ற பெயரையே 1897இல் புளோரா ஷா என்னும் ஆங்கில இதழாளர், நைசர் ஆற்றைக் கொண்டு முன்மொழிந்தார். 1914இல் லுகார்டு வடக்கையும் தெற்கையும் இணைத்தார். 1967 முதல் 1970 வரை பியாஃப்ராப் போரில் அம்மக்கள் ஒருவரோடொருவர் பொருதினர். மூன்று இடத்திலும் இணைத்தது ஒரே அரசு. விளைவுகள் வேறாயினமைக்குப் பல காரணங்கள் உண்டு. உள்ளே இருந்தவர்களின் பெயரும் மொழியும் ஒப்புதலும் எவ்வளவு மதிக்கப்பட்டன என்பது அவற்றுள் தலையானது.

எனவே வெள்ளையரின் இணைப்பு பயனுடையதா என்று கேட்பவர்க்கு நம் விடை இது: அவர்கள் தந்தது ஓர் எல்லைக்கோடு; அதற்கும் வரியாகவும் நிலமாகவும் நாட்டார் அவைகளாகவும் நாம் விலை கொடுத்துவிட்டோம். அந்தக் கோட்டுக்குள் பயன் என்று எதையேனும் காண முடியுமானால், அது ஒருவர் மொழியை மற்றவர் மதித்து, கேட்டுப் பெற்று, விட்டுக்கொடுத்து ஒன்றியவர்கள் ஈட்டியது. அந்த வினை முடிந்துபோன இறந்தகாலமும் அன்று. 'ஒன்றிய' என்னும் சொல் 'ஒற்றை' என்று இறுகிவிடாமல் காக்கும் பொறுப்பு, டெல்லியில் ஆள்பவர்க்கும் ஊராட்சியில் அமர்பவர்க்கும் ஒருசேர உண்டு. சொல்லின் பொருள் அறிந்த நமக்கோ அவர்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே உண்டு.