வீடு திரும்பாதவர்களின் கிறிஸ்துமஸ்

பாடகர் பிங் கிராஸ்பியின் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ தொகுப்பை டெக்கா நிறுவனம் 1945-இல் வெளியிட்டபோது அது ஒற்றைத் தட்டாக வரவில்லை. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் 5 இசைத்தட்டுகளைத் தனித்தனி உறையில் செருகி, கனத்த அட்டைக்குள் புத்தகம்போல் கட்டி விற்றார்கள். பக்கத்துக்கு ஒரு பாட்டாக மொத்தம் 10 பாட்டு. அமெரிக்காவில் டிசம்பர் பிறந்தாலே இந்தக் குரல் ஒலிக்கத் தொடங்கிவிடுவதால், இதைப் பனியும் மணியோசையும் சான்டா கிளாஸும் கூடிய பழைய பண்டிகை மரபின் தொடர்ச்சியாகவே கேட்டுப் பழகிவிட்டார்கள். எனக்கோ இது இரண்டாம் உலகப்போரின் ஆவணமாகவே படுகிறது. வீட்டைப் பிரிந்து கிடந்தவர்களின் ஏக்கமும் அவர்களுக்காகக் காத்திருந்தவர்களின் ஏக்கமும்தான் இதை உருவாக்கின.

தேதிகளைப் பார்த்தாலே இது புலப்படும். இர்விங் பெர்லின் எழுதிய ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாட்டைக் கிராஸ்பி வானொலியில் முதலில் பாடியது 1941 டிசம்பர் 25. பேர்ல் துறைமுகத்தின்மீது ஜப்பான் குண்டு வீசி அப்போது 18 நாள்தான் ஆகியிருந்தது. 1942 மே மாதம் பாட்டு பதிவானது. ஆகஸ்டில் அது இடம்பெற்ற ‘ஹாலிடே இன்’ படம் வந்தது. படத்தில் காதலர் தினத்துக்கென எழுதிய வேறொரு பாட்டுத்தான் ஓடும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஆனால் அக்டோபரில் ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கு ஏறி 11 வாரம் அங்கேயே நின்றது. அதுவும் தட்டு செய்யவே பொருள் கிடைக்காத ஆண்டில்! இந்தியாவிலிருந்து கப்பலேறும் அரக்கைக் கொண்டுதான் அன்று தட்டுகளை வார்த்தார்கள். போர்த் தேவையை முன்னிட்டு அமெரிக்க அரசு அந்த ஆண்டு அதன் பயன்பாட்டைக் கடுமையாக வெட்டியிருந்தது. பெர்லின் மூலத்தில் எழுதிய தொடக்க வரிகள் கலிஃபோர்னியா வெயிலில் இருந்துகொண்டு பனியை நினைக்கும் ஒருவரைக் காட்டுபவை. கிராஸ்பி அவற்றைப் பாடவில்லை. ஊர்ப்பெயர் போனதும், பசிபிக் தீவின் புழுக்கத்தில் கிடந்த சிப்பாயும் அந்த நினைப்பைத் தன் நினைப்பாக்கிக்கொள்ள முடிந்தது. இதே பெர்லின் அதே 1942-இல் ‘திஸ் இஸ் தி ஆர்மி’ என்று படைவீரர்களையே மேடையேற்றி ஒரு முழு இசை நாடகம் நடத்தினார். ஆனால் அந்தப் போரோடு மக்கள் மனத்தில் பிணைந்து நின்றது, போரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத இந்தப் பாட்டுத்தான்.

அடுத்த சான்று இன்னும் நேரானது. 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் பதிவுக்கூடங்களைப் புறக்கணித்தது. 1943 செப்டம்பரில் டெக்கா சங்கத்துடன் சமாதானமாகி, மறுமாதமே ‘ஐ’ல் பீ ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்’ பாட்டைப் பதிவு செய்தது. கடல் கடந்து நிற்கும் சிப்பாய் ஒருவன் பண்டிகைக்கு வந்துவிடுகிறேன் என்று வீட்டாருக்குச் சொல்கிறான். கடைசியில், கனவில் மட்டும்தான் வரமுடியும் போலிருக்கிறது என்று முடிக்கிறான். அந்தத் தட்டின் மறுபக்கத்தில் ‘டேனி பாய்’ இருந்தது. அதற்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பிரிந்து போகிறவனை வழியனுப்பி, அவன் திரும்பும்போது தான் உயிரோடு இல்லாமலும் போகலாம் என்று பாடும் பாட்டு அது. வரப்போகிறேன் என்பவன் ஒரு பக்கம், காத்திருக்கிறேன் என்பவர் மறுபக்கம். தொகுப்புக்குள்ளும் இந்தத் தட்டு அப்படியே சேர்ந்தது. ஏற்கெனவே சந்தையில் இருந்த தட்டுகளை அள்ளிக் கட்டியதுதானே, இதில் என்ன நோக்கம் இருக்க முடியும் என்று கேட்கலாம். நோக்கம் இருந்ததென்று நான் வாதிடவில்லை. 1943-இன் டிசம்பரை எண்ணி எந்தத் தட்டை வார்த்தார்களோ அதுவே 1945-இன் தொகுப்பிலும் இருக்கிறது என்பதுதான், இது எந்தக் காலத்தின் பொருள் என்பதைச் சொல்கிறது.

பக்திப் பாட்டுகளை முன்வைத்து எழும் மறுப்பு இதைவிட வலுவானது. கிராஸ்பி ‘சைலண்ட் நைட்’ பாட்டை 1935-இலேயே பதிவு செய்துவிட்டார். புனிதப் பாட்டைக் காசாக்கத் தயங்கியவர், அதன் வருவாயை அறப்பணிக்குக் கொடுத்தார். அப்படியானால் போருக்கு முன்பே கிறிஸ்துமஸ் தட்டுக்குச் சந்தை இருந்தது என்பது உண்மை. ஆனால் தொகுப்பில் உள்ள பதிவு அதுவல்ல, 1942 ஜூனில் புதிதாகப் பாடியது. இன்னொரு பக்திப் பாட்டான ‘ஃபெய்த் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்’ கிறிஸ்து பிறப்பைப் பற்றியதே அல்ல. சிறையையும் வாளையும் தாண்டி முன்னோர் காத்த நம்பிக்கையைப் பாடும் கத்தோலிக்கப் பாட்டு. போர்க்காலத்தில் அது யார் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு வந்த பதிப்புகள் இந்த நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கச் செய்தன. 1949-இன் எல்.பி. தட்டில் 8 பாட்டே வந்தது. ‘டேனி பாய்’ வெளியேறிவிட்டது. 1955-இன் பெரிய எல்.பி.யில் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பதிவான 4 பாட்டுகள் சேர்ந்தன: கடைவீதியின் மணிகளைப் பற்றிய ‘சில்வர் பெல்ஸ்’, ஊரெல்லாம் களைகட்டுவதைச் சொல்லும் ஒன்று, அயர்லாந்தைப் பற்றி ஒன்று, ‘மெலே கலிகிமாகா’ என்ற ஹவாய்த் தீவுப் பாட்டு ஒன்று. குண்டு விழுந்த பேர்ல் துறைமுகம் இருப்பது அதே ஹவாயில்தான். 14 ஆண்டுக்குள் அந்தத் தீவு உல்லாசப் பாட்டாகிவிட்டது. பிரிவைப் பாடியவை முதல் பக்கத்தில் நின்றன, களிப்பைப் பாடியவை இரண்டாம் பக்கத்துக்குப் போயின.

நாம் இன்று கேட்கும் ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ போர்க்காலப் பதிவே அல்ல என்றும் சொல்லலாம். எண்ணற்ற படிகள் எடுத்ததில் 1942-இன் மூல அச்சு தேய்ந்துபோய், 1947 மார்ச்சில் மறுபடி பதிவு செய்தது உண்மைதான். அப்போது சண்டை முடிந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. புது ரசனைக்கேற்பப் பாட்டை மாற்றியமைக்க அதுவே நல்ல தருணம். டெக்கா அப்படிச் செய்யவில்லை. ஜான் ஸ்காட் டிராட்டரின் அதே இசைக்குழுவையும் கென் டார்பியின் அதே பின்னணிப் பாடகர்களையும் வரவழைத்து, 1942-இல் ஒலித்தது போலவே ஒலிக்கப் பாடுபட்டது. தொடக்கத்தில் புல்லாங்குழலும் செலஸ்டாவும் புதிதாகக் கேட்பதைக்கொண்டுதான் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது.