சீட்டும் ஜாதகமும்

டாரோ என்னும் சீட்டுக்கட்டை முன்வைத்து ஆலோசனை கூறுவோர் இன்று நம் நாட்டுப் பெருநகரங்களிலும் பலராகிவிட்டனர். அவர்களுள் சிலர், "நாளை நடப்பதை நான் உரைப்பதில்லை, உங்களை நீங்களே கண்டுகொள்ளத் துணை செய்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுகின்றனர். மேனாட்டு முறையில் ஜாதகம் கணிப்போர் பலரும் இவ்வாறே பேசுகின்றனர். கேட்பவர்க்கு இப்பேச்சு மிகப் பழமையானது போலத் தோன்றும். ஆராய்ந்து பார்க்குமிடத்து, அது பெரும்பாலும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது என்பது விளங்கும். அதன் ஒரு பாதி இலண்டன் மாநகரில் ஓர் ஓவியப் பெண்மணியின் கையிலும், மறு பாதி அதே நகரத்து நீதிமன்றத்திலும் உருவாயிற்று.

சீட்டின் பிறப்பை முதலிற் காண்போம். விளையாட்டுச் சீட்டு பதினான்காம் நூற்றாண்டில் எகிப்தின் மாம்லுக் சுல்தான்களின் நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. கிண்ணம், நாணயம், வாள், போலோ ஆட்டத்துக் கோல் என நான்கு வகைகள் அதில் இருந்தன. போலோ ஆட்டத்தை அறியாத ஐரோப்பியர் அக்கோலை வெறுந் தடியாக்கிவிட்டனர். நம் நாட்டிலும் கஞ்சீபா என்ற பெயரில் சீட்டாட்டம் வழங்கிற்று. 1527-இல் பாபர் சிந்து நாட்டு ஷா ஹசனுக்குக் கஞ்சீபா அனுப்பிய செய்தி அவருடைய தன்வரலாற்றில் உண்டு. இத்தாலியில் 1440-ஐ ஒட்டி, இந்த நான்கு வகைச் சீட்டுகளோடு துருப்பாக ஆள்வதற்கு இருபத்தொரு படங்களையும், பேதை ஒருவனின் படத்தையும் சேர்த்து 78 சீட்டுகள் கொண்ட கட்டொன்றை அமைத்தனர். மிலான் நகரின் கோமகனுக்காகப் பொன் தகடு பதித்து வரைந்த கட்டொன்றில் 74 சீட்டுகள் இன்றும் எஞ்சியுள்ளன. இவையெல்லாம் ஆடுவதற்காகச் செய்தவையே. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக டாரோ ஓர் ஆட்டமாகவே வழங்கிற்று என்பதை ஆக்ஸ்போர்டுத் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980-இல் வெளியிட்ட பெருநூலில் நிறுவினார்.

மறைபொருள் வந்து சேர்ந்தது 1781-இல். பாரிஸ் நகரத்து அறிஞர் கூர் த ஜெபெலின், இப்படங்கள் பண்டை எகிப்தியக் குருமார் மறைத்துவைத்த ஞான நூல் என்று எழுதினார். எகிப்தின் சித்திர எழுத்தை அன்று படிக்கத் தெரிந்தவர் உலகில் எவரும் இலர். ஷம்போலியோன் அதற்கு வழி கண்டது 1822-இல்தான். ஆகவே மறுப்பாரும் இலராயினர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீட்டு எகிப்திலிருந்து வந்தது மெய்யே. ஆனால் அது சுல்தான்களின் எகிப்து. ஜெபெலின் ஞானம் கண்ட படங்களோ இத்தாலியருடையவை! சில ஆண்டுகளுக்குள் அலியெட் என்பவர் தம் பெயரைத் தலைகீழாக்கி 'எட்டெய்லா' என்று வைத்துக்கொண்டு, குறி சொல்வதற்கென்றே தனிக் கட்டொன்றை வெளியிட்டார்.

இனி இலண்டனுக்கு வருவோம். 1909-இல் ஆர்தர் வெயிட் என்பவர், பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் ஓவியரைக் கொண்டு புதிய கட்டொன்றை வரையச் செய்தார். எகிப்துக் கதையை வெயிட் நம்பவில்லை என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. பழைய பிரெஞ்சுக் கட்டுகள் பலவற்றில் பதின்மூன்றாம் சீட்டுக்குப் பெயரே பொறிப்பதில்லை. அரிவாளேந்திய எலும்புக்கூடு மட்டும் நிற்கும். கோல்மன் ஸ்மித் அதற்கு 'மரணம்' என்ற பெயரோடு ஒரு காட்சியையும் அமைத்தார். கவசம் பூண்ட எலும்புக்கூடு வெண்குதிரை மீது வருகிறது. அதன் கொடியில் வெள்ளை ரோஜா. அரசன் மாண்டு கிடக்கிறான். சமயத் தலைவர் கைகூப்பி நிற்கிறார். குழந்தை அஞ்சாமல் நிமிர்ந்து பார்க்கிறது. தொலைவில் இரு கோபுரங்களுக்கிடையே கதிரவன். இச்சீட்டு வந்தால் சாவு என்று கொள்ளலாகாது, பழைய வாழ்வு கழிந்து புதியது தொடங்குவதைக் குறிக்கும் என்று இக்காலத்தார் உரைப்பதற்கு அந்தச் சூரியனே பெருந்துணை. எண்களும் வாள்களும் மட்டும் நின்ற மற்றச் சீட்டுகளிலும் அவர் மனிதரை நிறுத்தினார்: படுக்கையில் எழுந்தமர்ந்து முகம் பொத்தியழும் ஒருத்தி, சுமை தாங்கிக் குனிந்து நடக்கும் ஒருவன். பார்ப்பவர் தம் நிலையை அவற்றிற் காண்பதில் வியப்பென்ன? இவ்வளவுக்கும் தமக்குக் கிடைத்த ஊதியம் மிகச் சொற்பம் என்று அவர் நண்பர் ஒருவருக்கு எழுதினார்.

சோதிடத்தில் இதே மாற்றத்தை முன்னின்று செய்தவர் ஆலன் லியோ. பிரம்மஞான சங்கத்தைச் சேர்ந்த இவர் இந்தியாவுக்கு இருமுறை வந்து நம் சோதிடத்தையும் பயின்றார். கருமம், மறுபிறப்பு ஆகிய கொள்கைகளை மேனாட்டு ஜாதகத்துள் புகுத்தினார். குணமே விதி என்பது அவருடைய கொள்கை. அவரே தேர்ந்த வணிகருமாவார். ஒவ்வொரு கிரக நிலைக்கும் ஒரு தாள் என முன்னரே அச்சிட்டு வைத்து, உரியவற்றைச் சேர்த்து ஒரு ஷில்லிங்குக்கு அஞ்சலில் அனுப்பினார். குறி சொல்வதாகப் பாசாங்கு செய்வோரைத் தண்டிக்கும் 1824-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. 1914-இல் அவர்மீது தொடுத்த வழக்கு தள்ளுபடியாயிற்று; 1917-இல் மீண்டும் வழக்கு வந்தது. "நான் நிகழ்ச்சிகளைச் சொல்வதில்லை, மனத்தின் போக்குகளையே சொல்கிறேன்" என்பது அவர் வாதத்தின் சாரம். ஆனால் அவர் அனுப்பிய கணிப்பில், குடும்பத்தில் ஒரு மரணம் நேர்ந்து துயர் தரக்கூடும் என்ற குறிப்பு இருந்தது. மரணத்தை எங்ஙனம் மனப்போக்கு என்பது? நீதிமன்றம் அவருக்கு 5 பவுன் அபராதம் விதித்தது. செலவுத் தொகை வேறு.

அரசாங்க ஆவணங்களை மொழிபெயர்த்துக் காலங்கழிக்கும் எனக்கு இவ்விடம் சற்றே நின்று செல்லத் தக்கதாகத் தோன்றுகிறது. 'வரும்' என்பதற்கும் 'வரக்கூடும்' என்பதற்கும் உள்ள இடைவெளியில் ஒரு மனிதரின் குற்றமும் குற்றமின்மையும் தங்கி நின்றன. 'கூடும்' என்று எழுதினாலும், படிப்பவர் நெஞ்சில் 'வரும்' என்றே பதிவதை நீதிபதி கண்டுகொண்டார் போலும். என் கருத்தில் தீர்ப்பு நியாயமே. எனினும் லியோவைப் போலி என ஒதுக்க மனம் ஒப்பவில்லை. தண்டனைக்குப் பின் அவர் தொழிலைக் கைவிடவில்லை. தம் பாடங்களில் நிகழ்ச்சி கூறும் பகுதிகளை நீக்கிக் குணவிளக்கமாகத் திருத்தி எழுதத் தொடங்கினார். சட்டத்துக்கு அஞ்சியதும், தம் கொள்கைக்கு உண்மையாக நின்றதும் அங்கே ஒன்றாயின.

பின்வந்தோர் அவ்வழியையே அகலமாக்கினர். பாரிஸில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, வடமொழிச் சொல்லொன்றைத் தழுவி ருத்யார் எனப் பெயர் சூடிக்கொண்டவர் 1936-இல் ஆளுமையின் சோதிடம் பற்றி எழுதினார். உளவியலார் யுங் 1911-லேயே நோயாளரின் மனத்தை அறியும் பொருட்டு ஜாதகம் கணித்துப் பார்த்ததாக பிராய்டுக்கு எழுதியிருந்தார்.

லியோ அத்திருத்தத்தை முடிக்கவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கே, கார்ன்வால் கடற்கரையில் பியூட் என்னும் சிற்றூரில் ஓய்வுக்குத் தங்கியிருந்தபோது 1917 ஆகஸ்டில் காலமானார். 1951 செப்டம்பரில் பமேலா கோல்மன் ஸ்மித் உயிர் நீத்ததும் அதே பியூட்டில்தான். இவ்வொற்றுமைக்குப் பொருள் என்னவென்று நான் எந்தச் சோதிடரையும் கேட்டதில்லை. உலகமெங்கும் விற்பனையாகும் அச்சீட்டுகளை வரைந்தவரின் உடைமைகளைக் கடன் தீர்ப்பதற்காக ஏலத்தில் விற்றனர்.