ஏழு நாள் சட்டம் பிறந்த கதை

1961 நவம்பரில், இத்தாலியின் கிழக்கு எல்லையில் உள்ள கொரிட்சியா நகரத்து மனநோய் மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் ஃபிராங்கோ பசாலியா இயக்குநராக வந்தார். முதல் நாள் காலையிலேயே ஒரு பதிவேட்டை அவர்முன் வைத்தார்கள். முந்தைய இரவு கட்டிலோடு கட்டிப்போடப்பட்ட நோயாளிகளின் பெயர்கள் அதில் இருந்தன. இயக்குநர் கையெழுத்திடுவது அங்கே அன்றாட வழக்கம். பசாலியா மறுத்துவிட்டார். பாசிச ஆட்சியின் கடைசி மாதங்களில், இருபது வயதில், சிறையில் கிடந்தவர் அவர். மருத்துவமனைக்குள் அடித்த வாடை தமக்கு அந்தச் சிறையை நினைவூட்டியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அப்போது நடப்பில் இருந்தது 1904ஆம் ஆண்டுச் சட்டம். தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் அல்லது பொது இடத்தில் அவமானம் விளைவிப்பவர் என்றால் அடைத்து வைக்கலாம். ஒரு மருத்துவரின் சான்றும் அதிகாரியின் உத்தரவும் போதும். சில வாரங்கள் கண்காணிப்பில் வைத்த பிறகு நீதிமன்றம் நிரந்தரமாக அனுமதித்துவிட்டால், அந்த மனிதரின் பெயர் குற்றப் பதிவேட்டில் ஏறும். எந்தக் குற்றமும் செய்யாதவருக்கு இந்தத் தண்டனை! 'எனக்கு உடம்பு முடியவில்லை, சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று தானாக வந்து சேரும் வழி 1968 மார்ச்சில் வந்த திருத்தத்தில்தான் தெளிவாகத் திறந்தது. குற்றப் பதிவேட்டில் ஏற்றும் வழக்கமும் அதோடு ஒழிந்தது.

கொரிட்சியாவில் கட்டுகள் அவிழ்ந்தன, வார்டுகள் திறந்தன, நோயாளிகளும் மருத்துவர்களும் தினமும் கூடிப் பேசினார்கள். ஆனால் 1968இல், ஒரு நாள் விடுப்பில் வீட்டுக்குப் போன நோயாளி ஒருவர் மனைவியைக் கொன்றுவிட்டார். பசாலியா மீது வழக்குப் பாய்ந்தது. அவர் விடுதலையானார். ஆனாலும் அந்தச் சாவு ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. கதவைத் திறந்தால் போதுமா? வெளியே போகிறவரை, அவருடைய வீட்டாரை, யார் பார்த்துக்கொள்வது?

அதற்கான விடை 1971இல் அவர் பொறுப்பேற்ற திரியெஸ்தே நகரத்தில் உருவானது. சான் ஜொவான்னி மருத்துவமனையில் அப்போது சுமார் 1,200 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் கட்டாயத்தின் பேரில் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களை ஒவ்வொருவராகத் தன்விருப்ப நோயாளிகளாக மாற்றினார்கள். குணமாகியும் போக வீடில்லாதவர்களை 'விருந்தினர்' என்ற நிலையில் அங்கேயே தங்கவைத்தார்கள். அவர்கள் இனி நோயாளிகள் அல்ல. நினைத்தபோது வெளியே போகலாம், வரலாம். கூரையும் சோறும் போகாது. கூட்டம் கூட்டமாகத் தெருவில் இறக்கிவிட்டு 'விடுதலை' என்று பெயர் சூட்டாத இந்த ஏற்பாட்டைத்தான் இந்தக் கதையிலேயே மிகப் பெரிய காரியமாக நான் கருதுகிறேன்.

வேலை விஷயமும் மாறியது. வார்டு கூட்டுவதும் துடைப்பதும் அதுவரை 'சிகிச்சை' என்ற பெயரில் நடந்தன, கூலி கிடையாது. நோயாளிகள் தாங்களே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதே வேலைக்கு முறையான ஊதியம் வாங்கத் தொடங்கினார்கள். 1973 பிப்ரவரி 25, ஞாயிற்றுக்கிழமை, மரத்தாலும் காகிதக் கூழாலும் செய்த பிரமாண்டமான நீலக் குதிரை ஒன்றை ஊருக்குள் இழுத்துச் சென்றார்கள். மருத்துவமனையின் சலவை வண்டியை இழுத்துவந்த மார்கோ என்ற குதிரையை இறைச்சிக்கு அனுப்பக் கூடாது என்று முந்தைய ஆண்டு நோயாளிகள் மனு எழுதிக் காப்பாற்றியிருந்தார்கள். அதன் பெயரையே இதற்கும் வைத்தார்கள். வாசலைவிட உயரமாக இருந்ததால் வாசலை இடித்துத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது.

1975இல் தொடங்கி, ஊருக்குள் மனநல மையங்கள் வந்தன. மருந்து, பேச்சு, சாப்பாடு, நெருக்கடியில் சில இரவு தங்கக் கட்டில், வராதவரை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, எல்லாம் அங்கேதான். நோயாளியை ஏற்கெனவே அறிந்த பணியாளர்களே தொடர்ந்து கவனித்தார்கள்.

1978இல் ராடிக்கல் கட்சியினர் 1904ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்யப் பொதுவாக்கெடுப்புக் கோரினார்கள். ஜூன் 11க்கு நாள் குறிக்கப்பட்டது. ரத்துக்கு ஆதரவு கிடைத்தால், பழைய சட்டம் போய்ப் புதிது இல்லாமல் போகும் நிலை. முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோ கடத்தப்பட்டு, மே 9 அன்று சடலமாகக் கிடைத்து, நாடே உறைந்திருந்த நேரம் அது. அவசர அவசரமாக, இரு அவைகளின் குழுக்களே நிறைவேற்ற, மே 13 அன்று 180ஆம் எண் சட்டம் பிறந்தது. வரைந்ததில் பெரும்பங்கு மனநல மருத்துவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான புரூனோ ஓர்சினியுடையது. ஆனாலும் மக்கள் அதைப் பசாலியா சட்டம் என்றே அழைக்கிறார்கள்.

சிகிச்சை என்றால் நோயாளியின் சம்மதத்தோடுதான், கட்டாயம் விதிவிலக்கு என்றது அது. 'ஆபத்தானவர்' என்ற பேச்சே போனது. அவசரமாகச் சிகிச்சை தேவை, அவர் ஏற்க மறுக்கிறார், வெளியே வைத்துப் பார்க்க வழியில்லை என்ற மூன்றும் ஒருசேர இருந்தால்தான் கட்டாயமாகச் சேர்க்கலாம். ஒரு மருத்துவர் காரணத்தோடு எழுத வேண்டும், அரசு மருத்துவர் இன்னொருவர் உறுதிசெய்ய வேண்டும், நகர மேயர் உத்தரவிட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நீதிபதிக்குத் தெரிவிக்க வேண்டும், அடுத்த 48 மணி நேரத்தில் அவர் முடிவு சொல்ல வேண்டும். கட்டாயம் ஏழு நாளுக்கு மட்டுமே. நீட்டிப்பதானால் மறுபடியும் காரணம் காட்டியாக வேண்டும். சேர்ப்பதும் பொது மருத்துவமனையில், 15 கட்டிலுக்கு மேல் இல்லாத வார்டில். புதிய மனநோய் மருத்துவமனைகள் கட்டத் தடை. உத்தரவை எதிர்த்து யார் வேண்டுமானாலும் மேயரிடம் முறையிடலாம். அதே ஆண்டு டிசம்பரில் தேசிய சுகாதாரச் சட்டத்தோடு இது இணைந்தது.

இரண்டே ஆண்டில், 1980 ஆகஸ்டில், மூளைக் கட்டியால் 56 வயதில் பசாலியா இறந்தார். பழைய மருத்துவமனைகள் முழுவதும் மூட இருபது ஆண்டுகள் ஆயின. மையங்கள் எல்லா ஊரிலும் ஒரே வேகத்தில் வரவில்லை. வராத இடங்களில் பாரம் முழுவதும் குடும்பங்களின் தலையில், பெரும்பாலும் தாய்மார்களின் தலையில், விழுந்தது. அவர்களின் கோபம் முற்றிலும் நியாயமானது. ஆனால் குற்றத்தை ஏழு நாள் வரம்பின்மேல் போடக் கூடாது. எட்டாம் நாள் காலையில் வீட்டுக்கு வந்து பார்க்க ஆள் அமர்த்தாத நிர்வாகங்கள்தான் அதற்குப் பொறுப்பு.