ஆண்டின் சிறந்த ஆல்பங்கள்: அலகு, ஆண்டு, எண்ணிக்கை

ஓர் ஆண்டில் வெளியான ஆல்பங்களுள் சிறந்தவற்றைத் தேர்ந்து வரிசைப்படுத்துவது, மேலை நாட்டு இசை இதழியலில் அரை நூற்றாண்டாக வேரூன்றிய வழக்கம். இதழ்கள் விமர்சகர்களிடமும் வானொலிகள் நேயர்களிடமும் வாக்குக் கேட்கின்றன. தனி ரசிகரும் தமக்குப் பிடித்த பத்தைக் குறித்து வைக்கிறார். இவற்றுள் தனி ரசிகரின் பட்டியல் வெறும் விருப்பு வெறுப்பு என்றும், பலர் வாக்கைக் கூட்டினால் தனிச் சாய்வுகள் கழிந்து உண்மையான தரம் புலப்படும் என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. எந்தப் பட்டியலும் மூன்று முன்முடிவுகளின் மேல் நிற்கிறது: எதை ஓர் அலகாகக் கொள்வது, ஆண்டு என்பதை எப்படி வரையறுப்பது, விருப்பத்தை எப்படி எண்ணுவது. வாக்குகளைக் கூட்டுவதால் இம்மூன்றின் சாய்வும் நீங்குவதில்லை. ஆகவே தனி ரசிகரின் பட்டியலும் கூட்டுப் பட்டியலும் தரத்தில் ஒன்று ஏறியதும் மற்றது இறங்கியதும் அல்ல. அவை இரு வேறு வகைச் சான்றுகள்.

1. அலகு

ஆல்பம் என்ற அலகைத் தந்தது தொழில்நுட்பம். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிட இசையே அடங்கியது. 1948இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய 33⅓ சுற்று நெடுந்தட்டு, பக்கத்துக்கு ஏறத்தாழ 22 நிமிடம் இடம் கொடுத்தது. நாற்பது நிமிடத்தை ஒரே மனநிலையில் கட்டமைக்கலாம் என்ற எண்ணம் அதன் பிறகே வலுப்பட்டது. ஃபிராங்க் சினாட்ரா 1955இல் வெளியிட்ட ‘இன் த வீ ஸ்மால் அவர்ஸ்’ அதற்குத் தொடக்க கால எடுத்துக்காட்டு. பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ 1967இல் வந்தபின், ராக் இசையை ஆல்பம் ஆல்பமாக மதிப்பிடுவது இயல்பாயிற்று. ஆண்டுப் பட்டியல் அந்த மதிப்பீட்டு முறையின் விளைவு.

இந்த அலகு எல்லா இசைக்கும் பொருந்துவதில்லை. ஜமைக்காவின் ரெகே இசையும் நடன அரங்குகளின் டிஸ்கோவும் தனிப்பாடல் தட்டுகளில் வளர்ந்தவை. ஆல்பத்தை மட்டும் எண்ணும் பட்டியலில் அவற்றின் பெரும் சாதனைகள் விடுபட்டுப்போகும். நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ வார இதழ் நடத்திய ‘பாஸ் அண்ட் ஜாப்’ விமர்சகர் வாக்கெடுப்பு, 1979 முதல் தனிப்பாடல்களுக்கு வேறொரு பட்டியலைச் சேர்த்தது இக்குறையை ஒப்புக்கொண்டதற்குச் சமம்.

கர்நாடக இசையில் சிக்கல் வேறு. அங்கே ரசிகர் ஆண்டு முழுவதும் நினைவில் வைத்துப் பேசுவது மார்கழிக் கச்சேரிகளை. ஒலிப்பதிவு அவருக்கு இரண்டாம்பட்சம். தமிழ்த் திரையிசையிலோ ஆல்பம் என்பது ஒரு படத்தின் பாடல் தொகுதி. அதன் அளவையும் வரிசையையும் கதை தீர்மானிக்கிறது. இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ எந்தப் படத்தையும் சாராதது. முன்பின் தொடர்போடு கேட்கத் தக்க முழு ஆல்பம் அது. ஆனால் படத்தையே அலகாகக் கொண்ட விருதுகளின் கணக்கில் அதற்கு இடமே இல்லை. அலகு மாறினால் போட்டியாளர் பட்டியலே மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2. ஆண்டு

நாட்காட்டி ஆண்டு ஐயத்துக்கு இடமில்லாத எல்லை போலத் தோன்றுகிறது. நடைமுறையில் அது மிகவும் நெகிழ்கிறது. கிளாஷ் குழுவின் ‘லண்டன் காலிங்’ பிரிட்டனில் 1979 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1980 ஜனவரியிலும் வெளியானது. பாஸ் அண்ட் ஜாப் வாக்கெடுப்பில் அது 1980ஆம் ஆண்டின் முதலிடம் பெற்றது. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 1989இல் அதை எண்பதுகளின் மிகச் சிறந்த ஆல்பமாகவும் அறிவித்தது. லண்டன் ரசிகர் ஒருவர் எழுபதுகளின் கணக்கில் வைத்திருக்கக்கூடிய ஆல்பம் அது. அதே குழுவின் ‘சாண்டினிஸ்டா!’வும் 1980 டிசம்பரில் பிரிட்டனில் வெளியாகி, 1981ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்தது. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ வெளியானது 1982 நவம்பர் இறுதியில். அது முதலிடம் பெற்றதோ 1983ஆம் ஆண்டுப் பட்டியலில். அந்த ஆண்டு முழுவதும் அதன் பாடல்கள் ஒவ்வொன்றாக ஒலித்தபடி இருந்ததே காரணம். இங்கே ஆண்டு என்பது வெளியான காலத்தை விட்டுக் கேட்கப்பட்ட காலத்தைக் குறிக்கத் தொடங்குகிறது.

வாக்களிக்கும் நாளும் முடிவை மாற்றவல்லது. டி’ஆஞ்செலோவின் ‘பிளாக் மெஸ்ஸையா’ 2014 டிசம்பர் 15 அன்று வெளியானது. டிசம்பர் தொடக்கத்திலேயே பட்டியலை முடித்துவிட்ட இதழ்களால் அதைக் கணக்கில் எடுக்க முடியவில்லை. அதற்குப் பின்னும் வாக்குகளைப் பெற்ற பாஸ் அண்ட் ஜாப்பில் அந்த ஆண்டின் முதலிடமே அதற்குத்தான். இத்தகைய ஆல்பம் முதல் வகைப் பட்டியலில் இல்லாதிருப்பது விமர்சகர்களின் தீர்ப்பு அன்று. அவர்கள் அதைக் கேட்கவே இல்லை.

தமிழ்த் திரையிசையில் இந்த இடைவெளி இன்னும் அகலமாகலாம். ‘எனை நோக்கி பாயும் தோட்டா’ படத்தின் ‘மறுவார்த்தை’ பாடல் 2017இன் தொடக்கத்தில் வெளியாயிற்று. இசையமைப்பாளர் யார் என்பதே அப்போது மறைத்து வைக்கப்பட்டிருந்தது. தர்புகா சிவா என்று பின்னர் தெரியவந்தது. படம் திரைக்கு வந்ததோ 2019 நவம்பரில். பாடலை 2017இல் மனப்பாடம் செய்துவிட்ட ரசிகருக்கும், படம் வெளியான ஆண்டைக் கொண்டு கணக்கிடும் விருதுக் குழுவுக்கும் இடையே இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட தொலைவு இருக்கிறது.

ஆண்டு முடிவில் சொல்லப்படும் தீர்ப்பு நிலையானதும் அன்று. ‘த வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிக்கோ’ 1967இல் பில்போர்டு விற்பனை வரிசையில் 171ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ரோலிங் ஸ்டோன் 2003இல் வெளியிட்ட எக்காலத்துக்குமான 500 ஆல்பங்களின் பட்டியலில் அது 13ஆம் இடத்தில் நின்றது.

3. எண்ணிக்கை

பாஸ் அண்ட் ஜாப்பை 1971இல் தொடங்கியவர் விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ். இடையில் நின்று 1974இல் மீண்ட அது, சில பத்துப் பேரின் வாக்கில் தொடங்கி நூற்றுக்கணக்கானோர் பங்கேற்பதாக வளர்ந்தது. அதன் விதி எளியது. வாக்காளர் பத்து ஆல்பங்களுக்கு 100 புள்ளிகளைப் பகிர்ந்தளிக்க வேண்டும். ஓர் ஆல்பத்துக்கு 5க்குக் குறையாமலும் 30க்கு மிகாமலும் தரலாம். இதனால் வரிசை மட்டுமின்றி விருப்பத்தின் அழுத்தமும் கணக்கில் சேர்ந்தது.

இவ்விதியின் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் காணலாம். மூன்று வாக்காளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் ‘அ’ என்ற ஆல்பத்தை முதலிடத்தில் வைத்து 30 புள்ளி தருகிறார். மற்ற இருவர் அதைக் குறிப்பிடவில்லை. ‘ஆ’ என்ற ஆல்பத்தை மூவரும் ஆறாம் இடத்தில் வைத்து ஆளுக்கு 8 புள்ளி தருகிறார்கள். பகிர்வு முறையில் ‘அ’ 30, ‘ஆ’ 24. எனவே ‘அ’ முந்துகிறது. முதலிடத்துக்கு 10, பத்தாம் இடத்துக்கு 1 என்று இறங்கும் முறையில் எண்ணினால் ‘அ’ 10, ‘ஆ’ 15. எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்று மட்டும் பார்த்தால் ஒன்றுக்கு மூன்று. வாக்காளரின் ரசனை இம்மி அளவும் மாறவில்லை. எண்ணும் முறை மாறியதும் முதலிடம் கைமாறிவிட்டது. ஒருவரை ஆட்கொண்ட இசையை முதல் முறை மதிக்கிறது. எல்லாருக்கும் ஓரளவு பிடித்ததைப் பின்னிரண்டும் மதிக்கின்றன.

சிறு குழுக்களில் ஒற்றை வாக்கே தீர்ப்பாகிவிடுவதும் உண்டு. 1992ஆம் ஆண்டுக்கான இசையமைப்புத் தேசிய விருதில் ‘ரோஜா’வும் ‘தேவர் மகன்’ படமும் சம வாக்குப் பெற்றன என்றும், தமது வாக்கினால் அது ஏ.ஆர். ரஹ்மானுக்குச் சென்றது என்றும் தேர்வுக்குழுத் தலைவர் பாலு மகேந்திரா பின்னாளில் கூறினார். விருதுப் பட்டியல் ஒரு பெயரையே ஏற்கிறது. சமநிலையின் சுவடு அதில் எஞ்சுவதில்லை.

எந்த எண்ணும் முறையும் தீர்க்காத குறை ஒன்றும் இருக்கிறது. கேட்காத ஆல்பத்துக்கு யாரும் வாக்களிக்க முடியாது. பலர் காதுக்கு எட்டிய இசையே கூட்டுப் பட்டியலில் மேலேறும். வாக்காளர் தொகை கூடக்கூட இந்தச் சாய்வு குறைவதில்லை, பெரும்பாலும் கூடுகிறது. பிபிசி வானொலியில் ஜான் பீல் நடத்திய ‘ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி’ பாடல்களுக்கான நேயர் வாக்கெடுப்பு. 1976இல் தொடங்கிய அது, 1982 முதல் அந்தந்த ஆண்டுப் பாடல்களுக்கு உரியதாயிற்று. பலதரப்பட்ட இசையை ஒலிபரப்பிய நிகழ்ச்சிக்கு 1991இல் வந்த வாக்குகளில் கிட்டார் குழுக்களே மிகுந்திருந்தன. பீலுக்கு அதில் மனநிறைவு இல்லை. அப்பட்டியல் அந்த ஆண்டு ஒலிபரப்பாகாமல் 1993இல்தான் நேயர்களை எட்டியது. நேயர் ஒவ்வொருவரும் பல வகை இசையைக் கேட்டிருக்கலாம். கூட்டும்போது பொதுவானது மட்டுமே மிஞ்சியது.

4. ரசிகரின் பட்டியல்

கூட்டுப் பட்டியல் கழித்துவிடுவதைக் காப்பதே தனிப் பட்டியலின் பயன். வாக்கெடுப்பை நடத்திய கிறிஸ்ட்காவே தமது தனிப் பட்டியலையும் ஆண்டுதோறும் அதனுடன் வெளியிட்டு வந்தார். இரண்டும் ஒன்றையே சொல்லுமானால் அதற்குத் தேவை இருந்திராது. ஒரே ரசிகர் பத்தில் ஜாஸ், ராப், நாட்டுப்புற இசை மூன்றுக்கும் இடம் தரும்போது, அவை ஒரே காதில் எப்படி அடுத்தடுத்து வாழ்ந்தன என்பது பதிவாகிறது. மொத்தப் புள்ளிகளில் இந்தச் சேர்க்கை கரைந்துவிடும்.

கேட்ட தடவைகளின் கணக்கு இதற்கு மாற்றாகாது. ஸ்பாட்டிஃபை 2016 முதல் ‘ராப்டு’ என்ற பெயரில் பயனருக்கு ஆண்டுக் கணக்கைத் தருகிறது. முப்பது நொடி ஓடினால் ஒரு பாடல் ஒருமுறை கேட்கப்பட்டதாகக் கொள்ளும் முறையே அதன் அடிப்படை. குழந்தையைத் தூங்கவைக்க இரவுதோறும் ஒலித்த தாலாட்டு அதில் முதலிடம் பெறலாம். முழுக் கவனத்தோடு நான்கே முறை கேட்ட ஆல்பம் தலைகாட்டாமல் போகலாம். அக்கணக்கு வழக்கத்தை அளக்கிறது. ரசிகரின் பட்டியலோ கேட்டவற்றை நினைவில் ஒப்பிட்டு எடுத்த முடிவு.

தனிப் பட்டியல் நம்பகமான சான்றாக வேண்டுமானால் அதன் எல்லைகள் வெளிப்படையாக இருக்க வேண்டும். ரசிகர் அந்த ஆண்டில் எத்தனை ஆல்பங்களைக் கேட்டு அவற்றிலிருந்து தேர்ந்தார், எந்த நாளில் பட்டியலை மூடினார், மறுவெளியீடுகளையும் நேரடி நிகழ்ச்சிப் பதிவுகளையும் சேர்த்தாரா, எண்கள் தரவரிசையா அல்லது வெறும் அடுக்கா என்ற நான்கும் தெரிந்தால் போதும். முப்பது ஆல்பங்களில் பத்தும் முந்நூறில் பத்தும் ஒரே பொருள் தருவன அல்ல.

இசை வரலாற்றாய்வில் இருவகைப் பட்டியலையும் அவற்றின் இயல்பறிந்து கையாள வேண்டியுள்ளது. ஓர் ஆண்டில் எந்த இசை பரவலாகப் பேசப்பட்டது, விமர்சகர்களின் உடன்பாடு எங்கே குவிந்தது என்ற கேள்விகளுக்குக் கூட்டுப் பட்டியல் விடை தரும். ஓர் ஆல்பம் யாரிடம், எந்த இசைகளின் அருகில் நின்று பொருள் பெற்றது என்பதற்குத் தனிப் பட்டியலையே நாட வேண்டும். முன்னதில் முதலிடம் பெற்றதைத் தரத்தின் அளவாகக் கொள்வதும், பின்னதில் மட்டும் இருப்பதைத் தனிமனித விசித்திரமென்று ஒதுக்குவதும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள்.