பேசாமல் ஆற்றிய உரை

நான் கணிதம் படித்தவள் அல்ல. செவிலியர் பட்டயப் படிப்போடு நின்றவள். ஆனாலும் ஓர் எண்ணின் வரலாற்றை இன்று உங்களிடம் சொல்ல வேண்டும்.

இரண்டை அறுபத்தேழு முறை எழுதிப் பெருக்கி, விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 வரும். 21 இலக்கங்கள். இப்படி இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்களில், அடுக்கு 257 வரை எவையெல்லாம் பகா எண்கள் என்று 1644இல் பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் ஒரு பட்டியல் வெளியிட்டார். நம் எண்ணும் அதில் இருந்தது. அதாவது, ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் அது மீதியின்றி வகுபடாது என்றார்.

1876இல் எடுவார்ட் லூக்கா அதை மறுத்தார். காரணிகளைத் தேடாமலேயே ஓர் எண் பகா எண்தானா என்று சோதிக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. சோதனையில் இது பகு எண் என்று தெரிந்தது. ஆனால் எவற்றின் பெருக்கல் என்று தெரியவில்லை. எங்கள் வார்டில் இது பழகிய நிலைமை. உடம்பில் எங்கோ தொற்று இருக்கிறது என்று இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். எங்கே என்று சொல்லாது.

1903 அக்டோபர் 31 அன்று அமெரிக்கக் கணிதக் கழகத்தின் நியூயார்க் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகை முன் நின்றார். எரிக் டெம்பிள் பெல் பின்னாளில் எழுதியபடி, அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு பக்கம் மெர்சென் எண்ணைக் கணக்கிட்டார். மறுபக்கம் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றே. பேசாமலே போய் உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது. இதற்கு எவ்வளவு காலம் ஆனது என்று பெல் கேட்டதற்கு, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

கண்டுபிடிக்க அத்தனை ஞாயிறுகள். சரிபார்க்க ஒரு பிற்பகல் போதும். இந்த வித்தியாசத்தை நம்பித்தான் 1977இல் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறை பிறந்தது. இணையத்தின் பாதுகாப்பு பல ஆண்டுகள் அதைச் சார்ந்திருந்தது.

ஆபத்தான மருந்துகளின் அளவை எங்களில் இருவர் தனித்தனியே கணக்கிடுவோம். எழுதிக் கொடுத்தவர் எவ்வளவு பெரிய மருத்துவர் என்றாலும் அப்படித்தான். மெர்சென் பெரிய அறிஞர். அவர் பெயரோடு அந்தப் பிழை 232 ஆண்டுகள் நின்றது. கோல் அன்று யாரையும் நம்பச் சொல்லவில்லை. பெருக்கத் தெரிந்த எவரும் சரிபார்க்கும்படி இரண்டு எண்களை எழுதிவிட்டுப் போனார்.