கலரியில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

மொன்றியல் நகரத்தின் போரம் அரங்கில் ஒரு காலத்தில் 'கோடீஸ்வரர் பகுதி' என்று ஒன்று இருந்தது. அங்கே இருந்தவர்களில் கோடீஸ்வரர் ஒருத்தரும் இல்லை. 1930களில் ஐம்பது சதம் கொடுத்து, மரவாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு, கம்பி வலைக்குப் பின்னால் இருந்து தொண்டை கிழியக் கத்திய சாதாரண சனம் அவர்கள். பொஸ்ரன் அரங்கின் மேல்மாடத்தில் இருந்தவர்களுக்கோ 'கலரிக் கடவுள்கள்' என்று பெயர். எங்கட ஊர்த் தியேட்டர்களிலும் விசில் சத்தம் கலரியில் இருந்துதானே வரும்? அதனால் இந்தப் பெயர் எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது.

இன்றைக்கு வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் அந்த ஐம்பது சதக்காரர் எங்கே இருக்கிறார்? இதைக் கேட்டால் வழமையாக விலை ஒப்பீட்டு அட்டவணை ஒன்றைத்தான் காட்டுவார்கள். ஒரு விளையாட்டுச் சந்தை ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாக அப்படியொன்றை வெளியிட்டு வந்தது. பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் கொண்ட குடும்பத்துக்கு ஓர் ஆட்டம் பார்க்க எவ்வளவு முடியும் என்பதே கணக்கு. நாலு ரிக்கெற், சோடா, பியர், ஹொட்டோக், வாகனத் தரிப்பிடம், இரண்டு தொப்பி. (ஒவ்வொரு முறையும் ஆர் தொப்பி வாங்குவினம் எண்டு எங்களுக்குத் தெரியேல்லை.) 2010களின் தொடக்கத்தில் லீக்கின் சராசரி ரிக்கெற் விலை 60 அமெரிக்க டொலர் அளவில் நின்றபோது, ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸின் சராசரி 100 டொலரைத் தாண்டியிருந்தது.

அந்த அணி கடைசியாக ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது 1967இல். அப்படியெண்டால் கூடுதல் விலை வெற்றிக்கான விலை இல்லை. வேறென்ன?

விடையின் ஒரு பகுதி மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்ற கட்டடத்தின் கதையில் இருக்கிறது. பெருமந்தம் உச்சத்தில் இருந்த 1931இல், ஐந்தரை மாதத்துக்குள் கொன் ஸ்மைத் அதைக் கட்டி முடித்தார். காசு போதவில்லை. தொழிற்சங்கங்களோடு பேசி, வேலையாட்களின் கூலியில் ஐந்தில் ஒரு பங்கைப் பங்குப் பத்திரமாகக் கொடுத்தார்கள். கூலிக்குப் பதிலாகக் கடதாசி வாங்கியவர்களின் உழைப்பில் எழும்பிய அரங்கு என்றே சொல்லலாம். உள்ளே கதிரைகளின் நிறமே விலையைச் சொல்லும்: முன்னுக்குச் சிவப்பு, பிறகு நீலம், பச்சை, கடைசியில் கூரைக்குக் கிட்டச் சாம்பல். பின்னாளில் தங்க நிறம் முன்வரிசைக்கு வர, சிவப்பு ஒரு படி இறங்கியது. முன்வரிசைக்காரர் கோட்டும் ரையும் கட்டி வரவேணும் என்று ஸ்மைத் எதிர்பார்த்தார். ஆனாலும் சாம்பல் நிறக் கதிரை என்று ஒன்று இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு சனமும் இருந்தது. இதை நாங்கள் முக்கியமாக நினைக்கிறோம்.

ரிக்கெற் கிடைக்காதவர்களுக்கு வானொலி இருந்தது. 1952இல் தொலைக்காட்சி வந்தபோது, வாசலில் வரும் காசு குறைந்துவிடுமோ என்ற பயத்தில் ரொறன்ரோவில் ஆட்டம் தொடங்கி நெடுநேரம் போன பிறகுதான் ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். ஹொக்கி வாசலை நம்பிய தொழில். இன்றும் பெருமளவுக்கு அப்படித்தான். ஒரு பருவத்தின் ஆட்டங்களில் பாதி சொந்த அரங்கில். அமெரிக்கக் காற்பந்து லீக்குக்குத் தொலைக்காட்சி கொட்டும் காசு ஹொக்கிக்கு இல்லை.

வீரர்களின் சம்பளம் கூடியதால்தான் விலை கூடியது என்று முதலாளிமார் அடிக்கடி சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 2004-05 பருவம் முழுவதையும் இரத்துச் செய்து, அடுத்த பருவத்தில் அணிக்கு 39 மில்லியன் டொலர் என்று சம்பள உச்சவரம்பு போட்டார்கள். கோபத்தில் இருந்த இரசிகர்களைத் திருப்பிக் கூப்பிட வேண்டியிருந்ததால் தொடக்கத்தில் பல கழகங்கள் விலையைக் குறைத்தன. பிறகு? ஏற்றம்தான். உச்சவரம்பே லீக்கின் வருமானத்தை வைத்துக் கணிக்கப்படுகிறது. அதாவது வருமானம் ஏறச் சம்பளம் ஏறுகிறது. முதலாளிமார் சொல்வது தலைகீழ்.

கனடிய அணிகளுக்கு இன்னொரு தலையிடி. ரிக்கெற் விற்பது கனடிய டொலரில், வீரருக்குக் கொடுப்பது அமெரிக்க டொலரில். டொலர் ஏறினால் என்ன நடக்கும் எண்டு எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. கியூபெக் அணி 1995இலும் வினிபெக் அணி 1996இலும் அமெரிக்காவுக்குப் போயின. 2000 ஜனவரியில் மத்திய அரசு அணிகளுக்கு உதவிப்பணம் அறிவித்தது. சனம் கொதித்தெழ, மூன்றே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. 2003இல் ஒட்டாவா அணி வங்குரோத்து. வினிபெக்குக்கு 2011இல் மறுபடி அணி வந்தபோது பருவகால ரிக்கெற்றுகள் பொதுமக்களுக்குத் திறந்து 17 நிமிடத்தில் முடிந்துவிட்டன. பறிகொடுத்த ஊர் விலை பார்க்காது.

ஆனால் முன்வரிசைக் கதிரைகளைப் பெருமளவில் வைத்திருப்பது ஊர்ச் சனம் இல்லை, கம்பெனிகள். வாடிக்கையாளரை உபசரிக்கும் செலவாகக் கணக்குக் காட்டினால் வரி குறையும். கனடாவில் 1994 முதல் அந்தச் செலவில் பாதியைக் கழிக்கலாம். அமெரிக்கா 2017இல் அந்தச் சலுகையை முற்றாக எடுத்துவிட்டது. 1999இல் லீஃப்ஸ் குடிபோன புதிய அரங்கில், இரண்டாம் பகுதி ஆட்டம் தொடங்கும்போது விலை கூடிய கதிரைகள் வெறுமையாகக் கிடப்பதைத் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம். ஆட்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டு இருப்பினம். சாம்பல் கதிரையில் இருக்கக்கூடியவர் வீட்டில் இருந்து அந்த வெறுங்கதிரையைப் பார்க்கிறார். அவர் கட்டிய வரியும் அந்தக் கதிரைக்குள்ளே கொஞ்சம் இருக்கிறது. விலைப்பட்டியல் இதைச் சொல்லாது.

எங்களில் இரண்டு பேருக்கு ஸ்காபரோவில் மாமாமார் இருக்கினம். நீலச் சட்டை போட்டு, கிண்ணப் போட்டிக் காலத்தில் காருக்குக் கொடி கட்டி, ஒவ்வொரு வருசமும் தோல்விக்கு அழுகிற ஆட்கள். இருபது வருசத்துக்கு மேலாக அதே நகரத்தில் இருந்தும் இருவருமே அரங்குக்குள் போனதில்லை. "அது கம்பெனிக்காரற்ற இடமடா" எண்டு ஒருத்தர் சொன்னார், கோபமே இல்லாமல்.

பழைய கார்டன்ஸ் இப்போது கீழே சுப்பர்மார்க்கெட், மேலே பல்கலைக்கழக விளையாட்டரங்கு. 2024 ஜனவரி 1ஆம் திகதி பெண்களுக்கான தொழில்முறை ஹொக்கி லீக்கின் முதல் ஆட்டம் அங்கேதான் நடந்தது. ரிக்கெற் ஆண்கள் லீக்கை விடப் பலமடங்கு மலிவு. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்குக் கொஞ்சம் கூடத்தான் இடம், அரங்கு நிரம்பியது. அதே ஆண்டு ஏப்ரலில் மொன்றியலில் ரொறன்ரோவுக்கு எதிரான ஆட்டத்துக்கு 21,105 பேர் வந்தார்கள்.