தண்டவாளத்தின் அடியில் மறைந்த தேய்மானம்

2005 ஏப்ரல் 3 அன்று, ஸ்போகேனிலிருந்து போர்ட்லாந்து நோக்கிச் சென்ற ஆம்ட்ராக்கின் 27ஆம் எண் பயணியர் வண்டி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஹோம் வேலி அருகே தடம்புரண்டது. பலர் காயமுற்றனர், உயிரிழப்பு இல்லை. இரயில்வே வரலாற்றில் சிறிய விபத்துதான். ஆயினும் ஒரு பொருள் மாறிய பின்னும் அதைச் சோதிக்கும் முறை மாறாதிருந்தால் என்ன நேரும் என்பதற்கு இது தெளிவான சான்று.

மர ஸ்லீப்பர் தன் நலிவைக் கண்ணுக்குக் காட்டிவிடும்: பிளக்கும், உளுத்துப்போகும், ஆணி தளரும். கான்கிரீட் ஸ்லீப்பர் அவ்வாறன்று. தண்டவாளத்துக்கும் அதற்கும் இடையிலுள்ள திண்டின் அடியில் நீரும் நுண்மணலும் புகுகின்றன. ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் திண்டு சற்றே அசைய, மணல் உப்புத்தாள் போலக் கான்கிரீட்டை அராவுகிறது. பள்ளம் ஒருபுறமாக ஆழமாகும்போது தண்டவாளம் வெளிப்புறம் சாய்கிறது. சுமையற்ற வேளையில் அளந்தால் பாதையின் அகலம் ஏறத்தாழச் சரியாகவே தோன்றலாம். வண்டியின் பளு ஏறும்போதுதான் அது விரிகிறது. நடந்துசென்று பார்வையிடுபவர் கண்ணுக்கு மேற்பரப்பு மட்டுமே தெரியும்.

ஹோம் வேலியில் தேய்மானத்தை முதலில் உணர்ந்தவை கருவிகள் அல்ல, மனித உடல்கள். பாதை கரடுமுரடாக இருப்பதாக விபத்துக்கு முன்பே பலமுறை முறையிடப்பட்டிருந்தது. அம்முறையீடுகளுக்குப் பாதையின் உடைமை நிறுவனம் போதிய நடவடிக்கை எடுக்காததே விபத்தின் காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. கான்கிரீட் ஸ்லீப்பர்களுக்குப் போதிய பாதுகாப்புத் தரவிதிகளை வகுக்காத கூட்டாட்சி இரயில்வே நிர்வாகத்தின் தவறும் துணைக்காரணமாகச் சுட்டப்பட்டது.

2011இல் புதிய விதிகள் வந்தன. தண்டவாளம் அமரும் இடத்தில் அரை அங்குல ஆழத் தேய்வு குறையாக வரையறுக்கப்பட்டது. அத்தேய்வை அளக்கும் தானியங்கிச் சோதனையும் குறிப்பிட்ட வகைப் பாதைகளுக்குக் கட்டாயமாயிற்று. விபத்துக்கும் விதிக்கும் இடையே ஆறு ஆண்டுகள்.

தொழில்நுட்ப வரலாற்றை எழுதும் நாம் பொதுவாகக் காப்புரிமைகளையும் கருவிகளையும் தேடிச் செல்கிறோம். முதன்மைப் பாதைகளில் பெரும்பாலும் கான்கிரீட்டையே நம்பியிருக்கும் நம் நாட்டிலும், வழக்கத்துக்கு மாறான அதிர்வை உணரும் எஞ்சின் ஓட்டுநர் அதை நிலைய அதிகாரிக்குத் தெரிவிக்கிறார். அக்குறிப்புகளும் ஆவணங்களே. அவற்றை யார் படித்தார்கள், எவ்வளவு காலம் கழித்துப் படித்தார்கள் என்ற கேள்வியிலிருந்தும் ஒரு பொருளின் வரலாற்றைத் தொடங்கலாம்.